கடைசியாக எப்போது

நான்காவது கேள்வி அது.
நாள், மாதம், வருடம் என்று
மூன்று கட்டங்கள் படிவத்தில்.
இதுவரை யாரும் மூன்றையும் நிரப்பியதில்லை.

"வெள்ளம் வந்துச்சே, அந்த வருசம்.
ஃபிரிட்ஜு மெதந்துச்சு.
அதோட நின்னுச்சு" என்றார் தேசம்மாள்.
ஃபிரிட்ஜைச் சொல்லவில்லை என்று புரிய
எனக்குக் கொஞ்சம் நேரமானது.

பழைய வண்ணாரப்பேட்டை ஜைத்தூன் பீ
கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:
மூத்த மகள் உண்டாகியிருந்த மாசம்
இவருக்கும் நாள் தள்ளிப்போனது.
பர்தாவை இழுத்துவிட்டுக்கொண்டு
மூன்று தெரு தாண்டிய மருந்துக்கடையில்
அட்டை வாங்கி வந்து பார்த்தாராம்.
ஒற்றைக் கோடு.
"சந்தோசப்பட்டேன். அப்புறம் எதுக்கோ அழுதேன்.
அதையும் எழுதிக்கிறியா?"
எழுதக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினேன்.

கொருக்குப்பேட்டை நாகூரம்மாவுக்கு
முப்பத்து நான்கு வயதில் எடுத்துவிட்டார்கள்.
குறியீடு இரண்டு, அறுவை சிகிச்சை.
பக்கத்தைத் திருப்பப் போனேன்.
"எடுத்தத எங்க போட்டாங்கன்னு
உன் பேப்பர்ல கேக்கலியா?"

இரவில் தூக்கம் கலைகிறதா?
காசிமேட்டில் எல்லோரும் ஆம்.
ரெண்டு மணிக்கு ஏலம், கலையாமல் என்ன செய்யும்?
புள்ளியியல் பார்க்கும் தம்பி போன் செய்தான்:
"மேடம், உங்க ஏரியா டேட்டா மட்டும்
ஒரு மாதிரியா இருக்கு."
இருக்கும் தம்பி.

திடீரென்று உடம்பில் சூடு பரவுகிறதா?
எண்ணூரில் இதைக் கேட்டது மே மாதம்,
தகரக் கூரைக்குக் கீழே.
அனல்மின் நிலையத்துச் சாம்பல்
என் படிவத்தின் மேலும் உட்கார்ந்திருந்தது.
ஆறு பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள்.
"உள்ளேர்ந்து வர்ற சூடா, வெளியேர்ந்து வர்ற சூடா?
நீ இங்க ஒரு நாள் குந்திப் பாத்துட்டு
நீயே டிக் போட்டுக்கோ."

கடைசியில் எலும்புக்கு மெஷின்.
ஒரு சின்னப் பெட்டி, குதிகாலை உள்ளே வைக்க வேண்டும்.
களிம்பு பித்தவெடிப்புக்குள் இறங்கிவிடும்,
இன்னும் கொஞ்சம் பிதுக்க வேண்டும்.
காலை நான் தொடப்போகும்போது
எல்லோருமே ஒருமுறை இழுத்துக்கொள்கிறார்கள்.
சிலர் எழுந்துபோய்க் கழுவிக்கொண்டு வருகிறார்கள்.
கூடை சுமந்து நடந்த காலின் எலும்பு
கல்லாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
திரையில் வரும் எண் அப்படிச் சொல்வதில்லை.

எனக்கு ஐம்பத்தொன்று.
பன்னிரண்டு மாதம் முழுதாக வராமல் இருந்தால்தான்
ஆய்வில் சேர்க்கலாம் என்பது விதி.
பதினோரு மாதம் ஆகியிருந்தது.
பீரோக் கதவின் உள்பக்கம் கோடு போட்டு வைத்திருந்தேன்.
முந்நூற்று ஒன்றாவது ஆள் நான்தான் என்று
டாக்டரம்மாவிடம் விளையாட்டாகச் சொல்லியும் இருந்தேன்.

தண்டையார்பேட்டையில், லூர்து மேரி வீட்டில்,
அவர் குதிகால் பெட்டிக்குள் இருந்தபோது
அடிவயிற்றில் அந்தப் பழைய இழுப்பு.
மருந்துக்கடைக்கு ஓட நேரமில்லை.
பையில் இருந்தது
குதிகால் துடைக்கிற காகிதம் மட்டும்.

என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்லவில்லை.
"இன்னாமே, இன்னும் கடைய மூடலியா நீ?
பாத்ரூமு மேல் பலகையில
மருமவளுது கீது, எடுத்துக்கோ."

பூட்டிய கதவுக்குள்,
சோப்புக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும் நடுவே
நின்றுகொண்டு கைப்பேசியில் தேதி பார்த்தேன்.
நாள், மாதம், வருடம்.
மறுபடி ஒன்றிலிருந்து.
எரிச்சலாகத்தான் இருந்தது,
ஆனால் எரிச்சல் மட்டும்தான் என்று
என் படிவத்தில் நான் எழுதமாட்டேன்.

வெளியே இருந்து குரல்:
"கால எடுத்துறலாமா, இல்ல
இப்டியே வெச்சிகினு இருக்கணுமா?
களிம்பு காயிதும்மா."