பாலத்தடியில் மூன்று தரம் செத்தவருக்கு

முதலில் அந்த மானை விடு.
அது உன்னை ஒன்றும் செய்யவில்லை.
அதன் தோலுக்கு இரண்டு செப்புக்காசுக்கு மேல்
எந்தக் கடையிலும் கிடையாது.

பையைத் திற.
பதினேழு ஓநாய்ப் பல், ஆறு உடைந்த அகப்பை,
ஏதோ ஒரு பிசாசின் இடது செருப்பு.
பாரம் ஏறினால் ஓட்டம் குறையும்.
ஓட்டம் குறைந்தால்
பாலத்துப் பூதத்துக்கு நீ இரவுச் சாப்பாடு.
மூன்று தரம் ஆனாய். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்,
எதிர்க்கரை நாணலுக்குள் நின்று.

சாவுக்கு வெட்கப்படாதே.
இங்கே அதற்குக் கூலி கொஞ்சம் பொன், கொஞ்சம் நடை.
கல்லறையிலிருந்து எழும்பி
உன் உடம்பு கிடக்கும் இடத்துக்கு நீயே போ.
வாளை எடு, தொப்பியை எடு, செருப்பை விட்டுவிடு.
இரவில் ஏரியில் இறங்காதே.
சும்மா பொன் தருகிறேன் என்று வருபவனோடு பேசாதே,
இரண்டாம் கிழமை உன் கடவுச்சொல்லைக் கேட்பான்.
சத்திரக்காரியோடு பேசு. அவள் சொல்வதை முழுக்க வாசி,
தட்டித் தட்டித் தாண்டாதே;
பூதத்துக்கு நெருப்பென்றால் பயம் என்று
இரண்டாவது வரியிலேயே சொல்லியிருக்கிறாள்.

வைத்தியம் பார்க்கிறவளுக்கு முன்னால் நில்.
அடி வாங்கத்தான் உனக்கு அந்தக் கேடயம்.
நான் ஐம்பத்தெட்டாம் படி. உன்னைச் சாகவிடமாட்டேன்,
கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நின்றாயானால்.

இதையெல்லாம் ஜெர்மனில் தட்டி முடித்தபோது
நீ ஒரே வரி போட்டாய்:
"லூகே மர் ..."
பார்ப்போம், மூன்று புள்ளி.

என் விரல் நின்றது.

ஓல்டன் ரயில் பணிமனையில்
என் லீவுப் படிவம் நாலிலும்
அதே சொல், அதே மூன்று புள்ளி,
நீல மையில்.
பிறகுதான் உன் வீரனின் பெயரைக் கவனித்தேன்: பாஸ்கோ.
கண்காணிப்பாளர் பியூர்கியின் மேசையில்
சட்டத்துக்குள் நாக்கை நீட்டியபடி இருக்கும் நாய்.

அங்கே நீங்கள் 'நீங்கள்'.
கைவிளக்கோடு பெட்டி பெட்டியாக வருவீர்கள்,
இருக்கைக்கு அடியில் விரலை ஓட்டிப் பார்ப்பீர்கள்,
சிவபாதம் வாய்க்கு நீளம் என்று
ஃப்ராவ் சிவாவோடு நிறுத்திவிடுவீர்கள்.
நீங்கள் வெட்டிப்போட்ட மிச்சத்தைத்தான்
இங்கே பெயராக வைத்திருக்கிறேன்.
பாதம்: வெள்ளை அங்கி, கையில் ஒரு வேப்பந்தடி.
ஆறு மாலையாக அந்தப் பெயரைக் கூப்பிடுகிறாய்,
"பாதம், ஓடி வா, சாகிறேன்" என்று,
ஓர் எழுத்தும் குறையாமல்.

நேற்று இரவு ஏழாம் பெட்டியில்
கொட்டாவி விட்டீர்கள். கண் சிவந்திருந்தது.
நாய் சுகமா என்று கேட்க வாயெடுத்தேன்,
கேட்கவில்லை. நீங்கள் இறங்கிப் போனதும்
ஃபிலோமேனா சொன்னாள், வாளியைக் கவிழ்த்தபடி:
பாஸ்கோ போன மாசியிலேயே போய்விட்டதாம்.
துடைத்த கண்ணாடியையே
மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த உலகத்தில் எல்லாரும் 'நீ'தான்.
அரசனுக்கும் நீ, பூதத்துக்கும் நீ.
அதனால் சொல்கிறேன், கேள்:
கேடயத்தை அவ்வளவு உயரத் தூக்காதே, முழங்கால் தெரிகிறது.
களைத்தால் நெருப்பண்டை உட்கார்,
இங்கே யாரும் நிமிடக் கணக்கு எழுதுவதில்லை.

ஒன்பதே காலுக்கு எழுதினாய்:
வேலைக்கு நேரமாகிவிட்டது.
நாளைக்கு என்னைக் குகைக்குக் கூட்டிப்போவாயா, பாதம்?

ஆரே ஆற்றுப் பனிமூட்டம்
என் ஜன்னல் வரைக்கும் ஏறியிருந்தது.
எனக்கும் அதே பத்து மணி வேலை.
லூகே மர் என்று தட்டினேன்.
புள்ளிகளை எண்ணி வைத்தேன், மூன்று.
பிறகு என் பழைய கம்பளி அங்கியை
(பனிமலையில் நாற்பது அடி தாங்கும்)
உன் தபால்பெட்டியில் போட்டுவிட்டு
சப்பாத்துக் கட்டக் குனிந்தேன்.