படி நான்கு

பீன்யா இரண்டாம் ஸ்டேஜில்
ஆக்சிஜன் கருவி செய்யும் தொழிற்சாலையின் மாடியில்
எனக்கு ஒரு மேஜை.
கீழே திருகாணி முடுக்குகிறார்கள்,
மேலே நான் வாக்கியம் முடுக்குகிறேன்.
தமிழ்க் கையேடு என்னுடையது.
கன்னடம், எதிர் மேஜை நாகவேணியுடையது.

செவ்வாய்க்கிழமை
உதவி எண் பிரிவிலிருந்து ஓர் ஒலிப்பதிவு வந்தது.
"உங்க கையேடு சார், கேட்டுப் பாருங்க."

இரவு இரண்டு பத்து. லிங்கராஜபுரம்.
பெயர் ஞானசெல்வம் என்கிறாள் அந்தப் பெண்.
பின்னால் கருவி கத்துகிறது:
மூன்று பீப், ஒரு இடைவெளி, மூன்று பீப்.
அதற்கும் பின்னால்
இடைவெளிகளில் மட்டும் கேட்கிற
ஒருவரின் மூச்சு.

மறுமுனைப் பையன் புதியவன்.
பக்கம் பதினான்கைத் திறந்து
நான் எழுதியதை எனக்கே வாசிக்கிறான்:
"ஈரப்பதமூட்டிக் கலனைக் கழற்றும் முன்
கருவியின் இயக்கத்தை முறையாக நிறுத்தவும்."

"என்ன கலன்?"

திரும்பவும் அதையே வாசிக்கிறான்,
இன்னும் கொஞ்சம் சத்தமாக.
அவனிடம் இருப்பது அவ்வளவுதான்.

"தண்ணி பாட்டிலா தம்பி?"

பையன் தயங்குகிறான்.
ஆமாம் அக்கா, தண்ணி பாட்டில்தான் என்கிறேன் நான்,
ஆறு நாள் தாமதமாக,
ஹெட்போனுக்குள்.

"கழட்டிட்டேன்."

வாக்கியம் முடிவதற்குள் அவள் கை முடித்துவிட்டது.
முதலில் காதில் விழுவதைத்தானே
கை முதலில் செய்யும்.
"நிறுத்து" என்பதை நான்
வரியின் கடைசியில் உட்கார வைத்திருந்தேன்,
ரயில் போன பிறகு
சிவப்புக் கொடி காட்டுகிறவனைப் போல.

முறையாக என்று வேறு.
முறை தெரிந்தவள் எதற்கு
ராத்திரி இரண்டு மணிக்கு போன் போடுகிறாள்?

"மூடி கோணலா இருந்துச்சு தம்பி."
அவளே கண்டுபிடித்தாள்.
பீப் நின்றது.
அதன் பிறகு ஒன்பது வினாடி பதிவில் ஒன்றுமில்லை.
பிறகு, போனுக்கு அல்ல, அறைக்குள்:
"என்னங்க. இங்க பாருங்க. என்னங்க."
இணைப்பு அங்கே அறுபடுகிறது.
தாளில் யாரோ குறித்திருக்கிறார்கள்: புகார் தீர்ந்தது.

பக்கம் பதினான்கை எடுத்து
முன்னட்டையின் உட்புறம் போட்டேன்.
கலன் போயிற்று. இயக்கம் போயிற்று.
தேவைப்படின் போயிற்று, யாருக்குத் தேவை, எப்போது?
"சிறிது நேரம்" இருந்த இடத்தில்
"பத்து வரை எண்ணுங்கள்."
"பயப்பட வேண்டாம்" என்று எழுதினேன்,
அழித்தேன்.
பயந்திருப்பவருக்கு அது ஒரு தகவலே இல்லை.

நாகவேணி எட்டிப் பார்த்தாள்.
பேசாமல் தன் கோப்பைத் திறந்தாள்.
அங்கேயும் அதே "முன்",
அதே இடத்தில், எனக்கு முன்பே பல மாதமாக.
அன்று இருவரும் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கவில்லை.

ஒன்று: பச்சைப் பொத்தானை அழுத்துங்கள். கருவி நிற்கும்.
இரண்டு: தண்ணீர் பாட்டிலைக் கழற்றுங்கள்.
மூன்று: மூடியை நேராக வைத்துத் திருகி, பாட்டிலை மாட்டி,
பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்துங்கள்.

வாசலில் நிற்கும் காவலரிடம் கொடுத்துப் பார்த்தேன்,
கணக்குப் பிரிவு ஜெபமலரிடமும்.
அவர் மூன்று நிமிடத்தில் முடித்தார்.
இவள் ஒன்றரை நிமிடத்தில் முடித்து
"இதுக்கா ஒரு வாரம்?" என்றாள்.
இந்த வேலையில் கிடைக்கிற பாராட்டு அதுதான்.

சட்டப் பிரிவு
பதினொரு எச்சரிக்கைகளையும் முன்னால் போடச் சொன்னது.
ஒலிப்பதிவை அனுப்பினேன்.
சம்மதமும் வரவில்லை, மறுப்பும் வரவில்லை.
வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

நான்காவது படி மட்டும்
இன்னும் மஞ்சள் நிறத்தில் நிற்கிறது:
"இப்போது கருவியை விடுங்கள்.
படுத்திருப்பவரின் முகத்தைப் பாருங்கள்."

ஓரத்தில் யாருடைய குறிப்போ:
இது கருவியைப் பற்றியது அல்லவே.

அல்ல, என்று கீழே எழுதிவிட்டு
கணினியை அணைத்தேன்.