காம்பவுண்டுச் சுவர் பற்றிய அறிக்கை

கொருக்குப்பேட்டை கேட்டுக்கும் கூட்ஸ் யார்டுக்கும் நடுவே
சுவரில் ஓட்டை எத்தனை என்று
மறுபடியும் கடிதம் வந்திருக்கிறது.
படிவத்தின் கடைசிக் கட்டம்:
'ஆட்கள் எந்த வழியாக வருகிறார்கள்?'

போன மாதம் ஒன்று.
அடைத்தார்கள்.
சிமென்ட் காய்வதற்குள் இரண்டு.
இன்று காலை பதினேழு.
எண்ணி முடிப்பதற்குள் பதினெட்டாவதிலிருந்து
ஒரு பையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

ராத்திரி ஒன்றே காலுக்கு நிலக்கரி ரேக் போய்விட்டால்
நாலு மணி வரை கேட்டுக்கு வேலையில்லை.
அஞ்சல்வழி எம்.எஸ்ஸி. பாடத்தைப் பிரிக்கிறேன்.
அதிலும் ஒரு சுவர்.
அதிலும் ஓட்டை.
எலக்ட்ரான் எதன் வழியாகப் போனது என்று
அதிலும் யாரோ கேட்டிருக்கிறார்கள்.

இரண்டு ஓட்டை என்றால் இரண்டும் கணக்கில் உண்டு.
நூறு போட்டால் நூறும்.
பின்னால் இன்னொரு சுவர், அதிலும் நூறு.
போட்டுக்கொண்டே போனால்
ஒரு கட்டத்தில் செங்கல் தீர்ந்துவிடும்.
வெறும் ஓட்டை. வெறும் வெளி.
சுவரே இல்லாத இடத்திலும்
எல்லா வழியும் கணக்கில் உண்டு.

பென்சிலை வைத்துவிட்டு வெளியே பார்த்தேன்.
இந்தக் கேபினிலிருந்து எதிர் டீக்கடைக்கு இருபது எட்டு.
எண்ணூர் முகத்துவாரத்தைத் தொட்டுவிட்டு வருவதும் ஒரு வழி.
காசிமேட்டில் ஓர் ஐஸ் பெட்டியை
மூன்று முறை சுற்றிவிட்டு வருவதும் வழிதான்.
எதற்கும் சலுகை இல்லை, எதற்கும் தள்ளுபடி இல்லை.
ஒரே நொடியில் கிளம்பி ஒரே நொடியில் சேர வேண்டும்.
ஒவ்வொன்றின் கையிலும் ஒற்றை முள் கடிகாரம்,
முள்ளின் நீளம் எல்லாவற்றுக்கும் ஒன்று.
வேகத்தின் ஆற்றலில் உயரத்தின் ஆற்றலைக் கழித்து
நொடிநொடியாகச் சேர்த்த கணக்குக்குத் தக்கபடி
முள் சுழலும்.

வந்து சேர்ந்ததும்
முட்களை நுனிக்கு அடியாக வைத்துக் கோக்க வேண்டும்.
எண்ணூர் சுற்றியதன் முள் வடக்கே காட்டுகிறது,
ஒரு முழம் தள்ளிச் சுற்றியதன் முள் தெற்கே.
குழாயடிச் சண்டை.
கூட்டினால் பூஜ்யம்.
நேர்வழிப் பக்கம் மட்டும்
கொஞ்சம் இப்படி நகர்ந்தாலும் அப்படி நகர்ந்தாலும்
முள் ஏறக்குறைய ஒரே திசை.
அங்கே தொகை சேர்கிறது.
அதற்குப் பெயர் பாதை.

எண்ணூர் வழி இல்லை என்று யாரும் சொல்லவில்லை.
இல்லாதது வேறு,
ஒன்றையொன்று அழித்துக்கொண்டது வேறு.

எறிந்த கல் கனம். மயிரிழை விலகினாலும்
அதன் முள் கோடி கோடிச் சுற்று சுற்றிவிடும்;
எனவே கல்லுக்கு ஒரே வளைவு.
எலக்ட்ரான் லேசு. அதற்குப் பல வாய்.
ஓர் ஓட்டையை அடைத்தால்
இதுவரை வராத இடத்துக்கும் அது வரத் தொடங்கும்.
இதை எந்த செக்‌ஷன் இன்ஜினியரிடம் போய்ச் சொல்ல?

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கையில்
காலிக் கூடையோடு பரிபூரணம் வந்தாள்.
எந்த ஓட்டை என்று கேட்டேன், படிவத்துக்காக.
'இன்னா மேடம், இதுக்கு நின்னு பதில் சொன்னா
எனக்கு ஏலம் பூடும்.'
டார்ச் அடித்திருந்தால் தெரிந்திருக்கும்.
ஆனால் டார்ச் அடித்த ராத்திரி
இந்த ராத்திரியாக இருந்திருக்காது.

ஓட்டைகள்: பதினெட்டு, காலை நிலவரம்.
எந்த வழியாக:
'எல்லா' என்று எழுதி, அடித்து,
'தெரியவில்லை' என்று எழுதி, அதையும் அடித்து

போன் மணி.
அடுத்த ரேக் தண்டையார்பேட்டையை விட்டுவிட்டது.
கேட்டை இறக்குகிறேன்.
இறங்கும் கம்பிக்கு அடியில்
ஏற்கெனவே மூன்று பேர் குனிந்துகொண்டிருக்கிறார்கள்.