நன்னிலத்து லோடு

கூத்தாநல்லூர் அரவை ஆலை. தை கடைசி.
இரவு இரண்டேகால்.
நன்னிலத்து லாரி மூன்றாம் நாளாக நிற்கிறது.
அப்படி ஓர் ஊரே இல்லை என்கிறது திரை.

குடவாசலை ஏற்றுக்கொண்டது.
நீடாமங்கலம், தஞ்சாவூர் உள்ளே போய்விட்டன.
மன்னார்குடி இல்லையாம்.
வலங்கைமான் இல்லையாம்.
திருத்துறைப்பூண்டி பிறக்கவே இல்லையாம்.

நிரல் எழுதியவள் நான்.
வெட்டாற்றுக்கு இக்கரை அக்கரை என்றுகூடப்
பிரித்துப் பார்த்துவிட்டேன்.
எடைச்சீட்டின் முதுகில் ஊர்ப்பெயர்களை
ஆங்கிலத்தில் எழுதி எழுதி
மூன்றாவது டீயில் பிடிபட்டது:
திரும்பி வந்த ஊர்களிலெல்லாம்
ஓர் ஐ உட்கார்ந்திருந்தது.

நிறம் பிரிக்கும் எந்திரம் துருக்கியிலிருந்து வந்தது,
கணினியும் அதன் கூடவே.
பொருத்திய அன்று மொழியை மாற்றினேன்,
நாட்டை மாற்றவில்லை.
எழுத்தர் சின்ன எழுத்தில் அடிப்பார்,
நிரல் அதைப் பெரிதாக்கும்.
அந்த நாட்டில் சின்ன ஐ
எவ்வளவு பெரிதானாலும்
தலைப்புள்ளியை இறக்கி வைப்பதில்லை.
பட்டியலில் இருந்ததோ மொட்டைத்தலை ஐ.

பெரிய எழுத்து சின்ன எழுத்து இல்லாத மொழியில்தான்
திட்டவே கற்றேன்.
ஆனாலும் புள்ளி எனக்குப் புதிதா?
பல்லுக்கும் பலவுக்கும்
அவ்வளவுதானே தூரம்.

"சோதிச்சுப் பாக்கலையா?" என்றார் ஜியாவுதீன் முதலாளி.
பார்த்தேன், நூறு தடவை,
சொந்த ஊர்ப் பெயரை அடித்து.
கூத்தாநல்லூரில் ஐ கிடையாது.

ஒரே வரி. திருத்தினேன்.
லாரி எடைமேடையில் ஏறியது.
வந்த அன்று பதினாறரை காட்டிய ஈரப்பதம்
பத்தொன்பதில் நின்றது.
மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு.

வைரக்கண்ணு கேட்டார்:
"எங்க ஊருப் பேருல என்னம்மா கோளாறு?"
"ஊருல இல்லைங்க. ஒரு புள்ளி."
துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு
"நண்டு வளைன்னு சொல்லுங்க" என்றார்.
"வரப்பு பாக்க நல்லாத்தான் இருக்கும்.
விடிஞ்சா வயல்ல தண்ணி இருக்காது."

கழிவுக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு,
நான் வைத்ததுதான்.
எழுத்தர் அதில் பனி என்று
ஆங்கிலத்தில் அடித்தார்.
அதிலும் ஓர் ஐ.
இம்முறை எந்திரம் மறுக்கவில்லை,
நானும்.