இரண்டு ஜார்ஜ்டவுன்

"ஜார்ஜ்டவுன்ல இருக்கேம்மா" என்று
குரல்செய்தி அனுப்பினேன்.
அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

ஒரே ராஜாவின் பெயரை
பூமியின் இரண்டு ஓரத்திலும்
ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். வசதியாக இருந்தது.
பட்டர்வொர்த்தில் துணி காயப்போட்டபடி
அம்மா நினைத்துக்கொள்ளட்டும்,
மகள் ஃபெர்ரியில் கால்மணி நேரத் தூரத்தில் என்று.

கயானா என்று சொன்னால் யாருக்கும் தெரியவில்லை.
பாயான் லெப்பாஸில் என் மேலாளர்
லீவுப் பாரத்தில் "கானா" என்று திருத்தி
கையெழுத்தும் போட்டுவிட்டார்.
மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட தாதி
"கூட யாரு?" என்றார்.
பாரத்தில் அதற்குக் கட்டமே இல்லை.
இருந்தும் கேட்டார்.

பயம் இல்லையென்று சொல்ல மாட்டேன்.
நூறு டாலர் தாள்கள் மூன்றை
தைலப் புட்டியின் அட்டைப்பெட்டியில் சுருட்டினேன்.
திருடனுக்கென்றே தனியாக ஒரு பர்ஸ்:
காலாவதியான கிரெடிட் கார்டு, கொஞ்சம் சில்லறை,
கனமாகத் தெரிய இரண்டு மூன்று அட்டைகள்.
பாஸ்போர்ட் நகலை சியூ ஹூவாவிடம் கொடுத்து
"ஞாயிறு ராத்திரி பத்துக்குள்ள செய்தி வரலைன்னா
இந்த நம்பருக்குக் கூப்பிடு" என்றேன்.
"கூப்பிட்டு என்ன சொல்ல?" என்றாள்.
அதுவரை நான் யோசித்திருக்கவில்லை.

அங்கே நான் தங்கிய வீட்டுக்காரி மிஸ் மூன்சாமி.
எந்தக் காலத்திலோ ஒரு முனுசாமி கப்பலேறி
எழுத்தர் கையில் நிலாச்சாமி ஆகியிருக்கிறார்.
தமிழ் ஒரு சொல் தெரியாது அவளுக்கு.
ஆறு மணிக்கு மேல் நடக்காதே, என்பாள்.
டாக்சியை நான்தான் கூப்பிடுவேன்,
நீ வாசலில் நிற்காதே, உள்ளே நில்.
எண்ணைத் தன் நோட்டில் எழுதிவைத்துக்கொள்வாள்,
நான் திரும்பியதும் அடித்துவிடுவாள்.

மூன்றாம் நாள், மினிபஸ் நிலையத்தில், பட்டப்பகலில்
பர்ஸ் போனது.
திருடனுக்கென்று வைத்த அதே பர்ஸ்.
பரீட்சையில் தேறியவள்போல் சிரித்தேன்,
முழங்கால் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.
ராத்திரிதான் உறைத்தது,
கனத்துக்காகச் செருகியதில் ஒன்று
என் டச் அண்ட் கோ அட்டை.
பதினொரு ரிங்கிட் எண்பது காசு.
எந்தச் சாவடியில் அதைத் தட்டிப் பார்ப்பான், பாவம்.

திரும்பி வந்து பத்து நாள்.
பட்டர்வொர்த் படகுத்துறையில்
எனக்கும் சேர்த்து அம்மாவே அட்டையைத் தட்டினார்.
"உன்னோடது எங்க?"

படகு நகர்ந்ததும் சொன்னேன்.
எல்லாவற்றையும். முழங்காலைத் தவிர.

அம்மா கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார்.
"தெரியும்."
"எப்படி?"
"பினாங்குன்னு சொல்லுவ, அக்கரைன்னு சொல்லுவ.
முப்பத்தாறு வருஷத்துல நீ என்னிக்கு
ஜார்ஜ்டவுன்னு சொல்லியிருக்க?"

இன்ஜின் சத்தம் கொஞ்ச நேரம்.

"அப்ப ஏன் கேக்கல?"
"கேட்டிருந்தா வந்துடுவியா?"

கொம்தார் கோபுரம் கிட்ட வந்துகொண்டிருந்தது.
அந்த ஊரில் கடல் எந்தப் பக்கம் என்று கேட்டார்.
வடக்கே, என்றேன்.
அலை ஏறும்போது ஊரைவிடக் கடல்தான் உயரம்,
நடுவில் ஒரு நீளச் சுவர்,
சாயங்காலம் அதன்மேல் உட்கார்ந்து
சனங்கள் ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள்.

அம்மா மெல்லுவதை நிறுத்திவிட்டார்.
"ராத்திரியில அந்தச் சுவரை
யாராச்சும் பார்த்துக்கறாங்களா?"

"தெரியாதும்மா.
நான் தூங்கிட்டேன்."