ஊதாக் கோடு

பதினெட்டாயிரம் என்றார் நஜ்முதீன்.
எனக்குப் பேரம் பேச வராது.
நகத்தால் தட்டிப் பார்க்கத்தான் வரும்.

கூத்தாநல்லூர். ஆற்றுப் பாலம் தாண்டி இரண்டாவது சந்து.
கோலாலம்பூரிலிருந்து தங்கை மாப்பிள்ளை
கப்பலில் போட்ட பெட்டியில்,
தைல பாட்டில்களுக்கும் பால்மாவு டின்களுக்கும் நடுவே
வந்து இறங்கியிருக்கிறது
அலுமினிய டிராக் சைக்கிள் ஃப்ரேம்.
"பிரேக் மாட்ட ஓட்டை போட மறந்துட்டானுங்க போல"
அவரே முதலில் சிரித்தார்.

மறக்கவில்லை.
மிதிப்பதை நீ நிறுத்தினால்
பெடல் உன் காலை மிதிக்கும்.
சும்மா உருண்டு போவது இதற்குக் கிடையாது.
இறக்கமே இல்லாத ஜில்லாவுக்கு
வேறென்ன வண்டி பொருந்தும்?
வட்டமாய்ச் சரிந்த பந்தயத் தளம்தான் இல்லை.
ஆற்றங்கரைச் சாலை இருக்கிறது,
விடிகாலை நாலரை மணி இருக்கிறது.

தராசு கேட்டேன்.
மீன் நிறுக்கும் கொக்கித் தராசு வந்தது, செதில் ஒட்டியபடி.
ஒன்று அறுநூற்றைம்பது.
"காத்து மாதிரி இருக்குல்ல?"
பதரும் காற்று மாதிரிதான் இருக்கும்.
அதை நான் சொல்லவில்லை.

பின்முனையில் செயின் உரசிய தடம்.
நட்டு கடித்த பல்வரிசை.
ஓடிய வண்டி. நல்லது.
ஓடாமலே பளபளப்பதைத்தான் நான் நம்புவதில்லை.
வெல்டிங்கை விரலால் தடவிப் போனேன்:
காசுகளைச் சரித்து அடுக்கிய மாதிரி
வரிவரியாய் இருக்கும் இடத்தில் பயமில்லை.
அரம் போட்டு மழமழவென்றாக்கி
மேலே பெயின்ட் அடித்த இடத்தில்
கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

இரும்பு முனகும்.
துருவேறி, வளைந்து, கிறீச்சிட்டு
நாலு மாசம் முன்பே சொல்லிவிடும்.
அலுமினியம் ரோஷக்காரன்.
வாயே திறக்காது.
ஒருநாள் வேலைக்கு வராது, அவ்வளவுதான்.

இருக்கைக் குழாய் வந்து சேரும் அடிமூட்டில்
ஒரு கொடி ஸ்டிக்கர்.
வேறெங்கும் ஸ்டிக்கர் இல்லை.
"பிரிக்கலாமா?"
"பிரிங்க."

முடியா, பெயின்ட் சுருக்கமா, தெரியவில்லை.
கொள்முதல் நிலையத்து மை என் பையில் இருந்தது,
மூட்டைக்கு நம்பர் போடும் ஊதா மை.
தடவிவிட்டு டீ குடித்தோம்.
துணி வெள்ளையாய்த் திரும்பும்வரை துடைத்தேன்.
"பவுடர் இருக்கா?"
தங்கை பரக்கத் நிஷா
எதற்கென்று கேட்காமல் பிள்ளைப் பவுடரை நீட்டினாள்.
டப்பா போனதற்குப் பிள்ளை அழுதது.

தூவினேன்.
மூன்று தலைகள் குனிந்திருந்தன.
வெள்ளையில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
பிறகு நெல்மணி நீளத்துக்கு
உள்ளிருந்து எழுந்து வந்தது
ஊதாக் கோடு.

"அந்த ஸ்டிக்கர்
அவங்க ஒட்டினதா?"
பரக்கத் நிஷாதான் கேட்டாள்.
பிள்ளை டப்பாவை வாங்கிக்கொண்டு அழுகையை நிறுத்தியது.
வீடு அமைதியானது,
யாரும் கேட்காத நேரத்தில்.

ஃபோன் அடித்தது.
திருச்சிப் பையன்,
இருபதுக்கு ஒத்துக்கொண்டு சாயங்காலம் வரப் போகிறவன்.
நஜ்முதீன் ஃபோனைப் பார்த்தார்.
ஃப்ரேமைப் பார்த்தார்.
என்னைப் பார்க்கவில்லை.
நின்றுபோகும் நேரத்தில் எடுத்து,
"தம்பி, அதுல கீறல் இருக்குப்பா.
இல்ல, இல்ல. உனக்கு அஞ்சாயிரத்துக்கும் இல்ல."

பழைய அலுமினியம் கிலோ நூற்றைம்பது என்றால்
இருநூற்று நாற்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு.
என் மண்டையில் தானாய் ஓடிய கணக்கு,
தொழில் புத்தி.
வெறுங்கையோடு மன்னார்குடி பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை களத்தில்
தலையாமங்கலத்து வீரசேனனின் அறுபது மூட்டை.
வரம்பு பதினேழு.
மீட்டர் பதினேழு புள்ளி நாலு காட்டுகிறது.
அவர் மீட்டரைப் பார்க்கவில்லை,
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.
ஒரு மணியை எடுத்துக் கடிக்கிறேன்.
கடிக்கும் விரலில் இன்னும் போகாத ஊதா.

"எந்த எலெக்‌ஷனுக்கும்மா
ஓட்டுப் போட்டுட்டு வந்தே?" என்கிறார்,
சிரிக்கலாமா என்று தெரியாமல்.