ஊதா மூடி

இரவு இரண்டு இருபது, ஊட்ரம்.
எண்ணும் இயந்திரம் பத்தொன்பதாயிரம் என்றது.
ஒன்றரை லட்சத்துக்குக் கீழே போனாலே
சிவப்பில் எழுதும்.
இன்று கத்தவே செய்தது.

அடைக்கலம் சவரிமுத்து. ஆண். அறுபத்தொன்று.
காலை எட்டுக்கு இடுப்பெலும்பு அறுவை.
வார்டிலிருந்து ரோஹாயா:
"டெங்கியா? அவர் புளோக்கில் புகையடிச்சாங்களாம்.
தட்டணு ரெண்டு பை சொல்லிடவா?"
பொறு என்றேன்.
ஒரு சொட்டைக் கண்ணாடியில் இழுத்து
சாயமிட்டுக் காயவைத்தேன்.

தட்டணுவுக்கு உட்கரு கிடையாது.
மஜ்ஜையில் ஒரு பெரிய அணு
தன்னைக் கிள்ளிக் கிள்ளிப் போட்ட துணுக்கு.
பத்து நாள் ஆயுசு.
காயத்தில் போய் விழுவதுதான் அதன் வேலை
என்று பாலிடெக்னிக்கில் எழுதி மதிப்பெண் வாங்கினேன்.
பிறகுதான் தெரிந்தது:
கிருமி நுழைந்தால்
வெள்ளையணுவின் தோளைத் தட்டி எழுப்புவதும் இதுவே.
சில சமயம் அளவுமீறி எழுப்பி
சொந்த வீட்டையே கொளுத்த வைப்பதும்.

எண்ணெய்ச் சொட்டு. நூறாம் லென்ஸ்.
சிவப்பணுக்கள், சிவப்பணுக்கள்,
இடையில் ஒன்றுமில்லை.
நகர்த்தினேன்.
ஒரு நியூட்ரோஃபில்.
அதன் விளிம்பைச் சுற்றிப் பதினாறு தட்டணுக்கள்.
அடுத்ததைச் சுற்றி இருபது.
அடுத்ததையும்.
மழைக்கு பஸ் நிறுத்தத்தில் ஒண்டியவர்கள் போல
என்று தோன்றியது; இல்லை,
இவை ஒண்டவில்லை. பிடித்திருந்தன.

குற்றம் குழாயினுடையது.
ரத்தம் உறையாதிருக்க
ஊதா மூடிக்குள் போட்ட உப்பு
கால்சியத்தை வாங்கிக்கொண்டதும்
ஏதோ ஓர் எதிர்ப்புப் புரதம் விழித்து
இருவரையும் ஒட்டிவைத்துவிட்டது.
உடம்புக்குள் நடக்காத கல்யாணம்.
இயந்திரம், பாவம்,
தனியாய் வருகிறவரைத்தான் எண்ணும்.
கட்டிக்கொண்டு வந்தால்
தடித்த வெள்ளையணு ஒன்று என்று கணக்கெழுதும்.

நீல மூடியில் மறுபடி எடுக்கச் சொன்னேன்.
"தூங்குறார் லா."
எழுப்பு.

மூன்று ஐம்பது. ஒரு லட்சத்து அறுபதாயிரம்.
திரவம் கலந்ததற்குப் பத்தில் ஒன்று கூட்டினால்
எழுபத்தாறு.
டாக்டர் குவெக்குக்குத் தட்டினேன்:
எண்ணிக்கை சரி. பைகள் வேண்டாம்.
அந்த இரண்டு பையும்
இருபத்திரண்டு டிகிரியில், ஆடும் தட்டில்
ஆடிக்கொண்டே இருக்கட்டும்,
வேறு யாருக்கோ, வியாழனுக்குள்.

கண்ணாடித் துண்டை மஞ்சள் தொட்டியில் போடாமல்
இன்னொரு முறை பார்த்தேன்.
அது வேலையில் சேராது.

ஊட்ரம் பார்க், முதல் ரயில்.
எனக்கு முன்னால் ஒருவர்
தூங்கும் மகளைத் தோளில் போட்டபடி
அட்டையைத் தொட்டார்.
கதவு ஒருமுறைதான் பீப் என்றது.